முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள்

லண்டனில் ஈபிசி எடுக்க ஒரு வீட்டுக்குப் போனால், மணியை அடிப்பதற்கு முன்பே வாசலில் நின்று செங்கல்லைப் பார்த்துவிடுவேன். ஒரே வரியில் நீளக்கல்லும் குட்டைக்கல்லும் மாறி மாறி வந்தால் அது ஒன்பது அங்குலத் திடச்சுவர். எல்லாமே நீளக்கல்லாக இருந்தால் பெரும்பாலும் இரட்டைச்சுவர், நடுவே இடைவெளி இருக்கும். ஈஸ்ட்ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கம் எங்கள் ஆட்கள் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கும் பழைய வரிசை வீடுகளில் திடச்சுவரைத்தான் அதிகம் காண்கிறேன். உள்ளே காசு கொடுத்து ஏற்றும் சூடு அந்தச் சுவர் வழியாகத் தெருவுக்குப் போய்விடும். வீட்டின் தரத்தில் பெரும் பங்கு அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஈபிசி என்பது, ஒரு வீட்டைச் சூடாக்கவும் தண்ணீர் சுடவைக்கவும் விளக்கெரிக்கவும் எவ்வளவு செலவாகும் என்று கணக்கிட்டு, ஏ முதல் ஜி வரை தரம் போட்டுக் கொடுக்கும் சான்றிதழ். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007 ஆகஸ்ட்டில் விற்பனை வீடுகளுக்கு வரத் தொடங்கியது. 2008 அக்டோபரிலிருந்து வாடகைக்கு விடும் வீடுகளுக்கும் கட்டாயம். ஒருமுறை எடுத்தால் 10 ஆண்டுகள் செல்லும். எடுப்பதற்கான செலவு பெரும்பாலும் 60 பவுணுக்கும் 120 பவுணுக்கும் இடையில். ஸ்கொட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் சட்டம் வேறு. நான் இங்கே சொல்வது இங்கிலாந்து, வேல்ஸ் கதை மட்டும்.

"தம்பி, எப்படியாவது ஒரு ஈ போட்டுவிடுங்கோ, ஏஜென்ற் சாவி கேட்டுக்கொண்டு நிக்கிறார்" என்று சொல்லாத வீட்டுக்காரர் குறைவு. அந்த அவசரத்துக்குக் காரணம் உண்டு. 2018 ஏப்ரல் 1 முதல், தனியார் வாடகை வீட்டை எஃப் அல்லது ஜி தரத்தில் வைத்துக்கொண்டு புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கும் அதே விதி. மீறினால் ஒரு வீட்டுக்கு 5,000 பவுண் வரை உள்ளூராட்சி மன்றம் தண்டம் போடலாம். ஈ தரத்துக்கு 39 புள்ளி வேண்டும். டிக்கு 55, சிக்கு 69. ஆனால் ஈயோ டியோ நான் நினைத்துப் போடுவதல்ல. நான் அளந்து படம் எடுத்துக் கொடுக்கும் விபரங்களை வைத்து மென்பொருள் போடுவது. ஒவ்வொரு விபரத்துக்கும் படமோ கடதாசியோ இருக்க வேண்டும். என்னைப் பதிவுசெய்திருக்கும் அமைப்பு எப்போது வேண்டுமானாலும் அதைக் கேட்டுச் சரிபார்க்கும்.

இந்தக் கடதாசி விஷயத்தில்தான் எங்கள் ஆட்கள் புள்ளிகளை வீணாக இழக்கிறார்கள். சுவரைத் துளைத்துப் பார்க்க எனக்கு அனுமதியில்லை. நீங்கள் பத்து வருடத்துக்கு முன் முன்னறையின் சுவரை உள்பக்கமாக இன்சுலேஷன் பலகை வைத்துப் பூசியிருக்கலாம். பூச்சுக்குப் பின்னால் இருப்பது என் கண்ணுக்குத் தெரியாது. பற்றுச்சீட்டு, உத்தரவாதப் பத்திரம், உள்ளூராட்சியின் கட்டடச் சான்றிதழ் ஏதாவது ஒன்று இருந்தால் எழுதுவேன். இல்லாவிட்டால், வீடு கட்டிய காலத்தில் சுவர் எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் செலவழித்த வேலை, கடதாசி இல்லாததால் கணக்கில் ஏறாமலே போகிறது. பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கும் இதே கதைதான்: எந்த ஆண்டு கட்டியது என்று காட்ட முடிந்தால், அந்த ஆண்டின் கட்டட விதிக்கு ஏற்ற மதிப்பு கிடைக்கும்.

அடுத்தது லொஃப்ட். கூரைக்குக் கீழே 270 மில்லிமீற்றர் கனத்துக்குக் கண்ணாடிக் கம்பளி விரிப்பதுதான் இன்றைய பரிந்துரை. எங்கள் வீடுகளில் லொஃப்ட்டில் என்ன இருக்கும்? ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் அண்டா, கலியாணத்துக்கு வாங்கிய நாற்காலிகள், பிள்ளைகளின் பழைய புத்தகப் பெட்டிகள். அவற்றை வைக்கப் பலகை அடித்திருப்பார்கள். பலகை நேரே மரச்சட்டத்தின் மேல் இருந்தால், அதற்குக் கீழே 100 மில்லிமீற்றர் அளவுக்குத்தான் இடம். ஒரு அம்மா என்னிடம், "பிள்ளை, மேல ஏறவேண்டாம், சாமான் விழும்" என்றார். "அம்மா, நான் பார்க்காவிட்டால் உங்களுக்குத்தான் நட்டம்" என்று ஏணியைப் போட்டேன். பலகை இல்லாத மூலையில் அளவுகோலை வைத்தால், நன்றாகவே விரித்திருந்தது. ஏறிப் பார்த்திராவிட்டால் அந்தக் கம்பளி கணக்குக்கு வந்திருக்காது. ஆகவே ஆள் வருவதற்கு முதல் நாளே கூரைக் கதவுக்குக் கீழே இடத்தை ஒதுக்கி வையுங்கள். செலவு குறைந்து பலன் கூடிய வேலை என்றால் என் கணக்கில் இதுதான் முதலாவது. சுடுதண்ணீர்த் தாங்கிக்கு உறை போடுவது அடுத்தது.

சான்றிதழ் எதைக் கணக்கில் எடுக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவரின் பில் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. வீட்டில் ஒருவர் இருந்தாலும் எட்டுப் பேர் இருந்தாலும் தரம் ஒன்றே. இருப்பறை 21 பாகை, மற்ற அறைகள் 18 பாகை என்று ஒரு பொது வழக்கத்தை வைத்துத்தான் கணக்குப் போடப்படுகிறது. ஒரே மாதிரி இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டுமானால் அதுதான் நியாயம். ஒரே வாகனத்தை இரண்டு பேர் ஓட்டினால் எண்ணெய்ச் செலவு வேறுபடும், வாகனத்தின் திறன் மாறாது.

அடிக்கடி கண்டு மனம் வருந்தும் ஒரு விஷயம் உண்டு. எரிவாயு இருக்கும் வாடகை வீட்டுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாம் என்று பொய்லரைக் கழற்றிவிட்டு, சுவரில் சாதாரண மின் ஹீற்றர்களை மாட்டி விடுகிறார்கள். அலகுக்கு அலகு பார்த்தால் மின்சாரம் எரிவாயுவைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு விலை. இந்தத் தரம் செலவை வைத்துப் போடப்படுவது; ஆகவே டியில் இருந்த வீடு ஒரே மாற்றத்தில் எஃப்புக்கு இறங்கிவிடலாம். தரம் இறங்குவது வீட்டுக்காரருக்கு வந்த கேடு. மாசி மாதக் குளிரில் கைக்குழந்தையோடு ஹீற்றரை அணைத்து அணைத்துப் போடும் குடும்பத்துக்கு அது அன்றாட வேதனை. மின்சாரத்துக்கு மாறத்தான் வேண்டுமென்றால் ஹீற் பம்ப் வைப்பதை யோசியுங்கள். ஒரு அலகு மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று அலகு சூடு தரும். அதற்கு 7,500 பவுண் அரசு மானியத் திட்டம் இருக்கிறது. வாடகைக்கு விடும் வீட்டுக்காரரும் கேட்கலாம்.

திடச்சுவர் வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? உள்ளே பலகை அடித்தால் ஏற்கெனவே சிறிய முன்னறை இன்னும் சுருங்கும். வெளியே அடித்தால் செங்கல் முகம் மறையும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்றால் அனுமதி கிடைப்பது கடினம். இரண்டுமே ஆயிரக்கணக்கான பவுண் வேலை. இதைத் தெரிந்துதான் சட்டத்தில் ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள்: ஈக்குக் கொண்டுவர வரியோடு 3,500 பவுண் வரை செலவழித்தும் எட்டவில்லையென்றால், செய்யக்கூடியதைச் செய்துவிட்டு விலக்குப் பதிவேட்டில் பதியலாம். ஐந்து ஆண்டுகள் செல்லும். ஆனால் வீட்டை விற்றால் அந்த விலக்கு வாங்கியவருக்குப் போகாது. ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கப் போகிறவர்கள் இதை வழக்கறிஞரிடம் முதலிலேயே கேளுங்கள்.

வாடகை வீடுகளை சிக்குக் கொண்டுவரும் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2023 செப்டம்பரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக் அதைக் கைவிட்டார். இப்போதைய அரசு 2030-ஐக் குறிவைத்து மறுபடி கையில் எடுத்திருக்கிறது. ஒருமுறை கைவிட்டது மறுபடியும் போய்விடும் என்று காத்திருக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. சட்டம் எப்போது வந்தாலும் அந்த வீட்டில் இந்த மாரிக்கும் ஆட்கள் இருக்கிறார்கள்.

என் வருத்தம், பெரும்பாலானோர் முதல் பக்கத்தில் எழுத்தைப் பார்த்தவுடன் கோப்பில் போட்டுவிடுவது. பின்னால் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக எழுதியிருக்கும்: சுவர், கூரை, யன்னல், சூடாக்கும் முறை, எது நல்லது எது மோசம் என்று. அதன்பின் என்ன வேலை செய்யலாம், எவ்வளவு செலவாகும், ஆண்டுக்கு எவ்வளவு மிஞ்சும், செய்தால் எத்தனை புள்ளி ஏறும் என்று வரிசையாக இருக்கும். எந்த வேலையை முதலில் செய்வது என்று ஒரு கட்டட வேலைக்காரரிடம் கேட்பதற்கு முன் அதை வாசியுங்கள்.

எல்லாச் சான்றிதழ்களும் அரசின் பொதுப் பதிவேட்டில் இணையத்தில் இருக்கின்றன. அஞ்சல் குறியீட்டைப் போட்டால் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் முற்பணம் கொடுப்பதற்கு முன் பாருங்கள். வீடு வைத்திருப்பவர்கள் இன்றே உங்கள் முகவரியைத் தேடி, காலாவதி நாளையும் பரிந்துரைப் பட்டியலையும் பாருங்கள்; லொஃப்ட்டில் கம்பளி போதாது என்று அதில் இருந்தால், மாரி தொடங்குவதற்கு முன் அந்த ஒரு வேலையையாவது முடித்துவிடுங்கள்.