உடைக்கிறதுக்கு எதுக்குச் செலவு?

சாப்பிட்ட பருப்பில் இருக்கும் புரதத்தைக் குடலில் நொதிகள் வெட்டுகின்றன. அந்த வெட்டுக்கு ஏடிபி தேவையில்லை. ஆனால் செல் தன் சொந்தப் புரதத்தை உடைக்கும்போது மட்டும் ஏடிபி செலவாகிறது என்று 1950களிலேயே கவனித்துவிட்டார்கள். கட்டுறதுக்குச் செலவு சரி, இடிக்கிறதுக்குமா?

இஸ்ரேலின் ஹைஃபாவில் இருக்கும் டெக்னியானில் ஆவ்ரம் ஹெர்ஷ்கோவும் ஆரோன் சிச்சனோவரும், அமெரிக்காவின் இர்வின் ரோஸும் சேர்ந்து இதற்கு விடை கண்டார்கள். 2004இல் மூவருக்கும் வேதியியல் நோபல்.

விடை இதுதான்: எதை இடிக்கணும்னு தேர்ந்தெடுக்கத்தான் அந்தச் செலவு.

யுபிக்விட்டின் 76 அமினோ அமிலம் கொண்ட குட்டிப் புரதம். அதுதான் முத்திரை. ஈ1 நொதி ஏடிபியைச் செலவழித்து அதைத் தயார்படுத்தும். ஈ2 அதை வாங்கி வைத்துக்கொள்ளும். ஈ3தான் ஆளை அடையாளம் கண்டு, அந்தப் புரதத்தின் லைசின் மேல் முத்திரையை ஏற வைக்கும். முத்திரைகள் சங்கிலியாக நீண்டதும் புரோட்டியசோம் என்ற பீப்பாய் வடிவ எந்திரம் புரதத்தைப் பிரித்து உள்ளே இழுத்து நறுக்கும் (இதற்கும் ஏடிபி). யுபிக்விட்டின் மட்டும் கழன்று மறுபடி வேலைக்குப் போகும்.

மனிதரில் ஈ1 இரண்டே வகை. ஈ2 சுமார் 40. ஈ3 600க்கும் மேல்! மூளை எங்கே இருக்குன்னு இந்தக் கணக்கே சொல்லிடுது.

ஒருமுறை தப்பான டேபிளை டெலீட் பண்ணிட்டு ராத்திரி முழுக்க பேக்கப்போடு உட்கார்ந்திருக்கிறேன். கமாண்டில் பிழையே இல்லை, பெயர்தான் தப்பு. செல்லிலும் இதே கதை நடக்கிறது. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்கும் எச்பிவி வைரஸிடம் ஈ6 என்று ஒரு புரதம் உண்டு (ஈ1, ஈ2 வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). அது நம் ஈ3 ஒன்றைப் பிடித்து பி53 பக்கம் திருப்பிவிடும். டிஎன்ஏ கெட்டுப்போன செல்லைப் பிரியவிடாமல் நிறுத்தும் காவலாள்தான் பி53. நல்லா வேலை செய்யும் காவலாளுக்கே முத்திரை விழுந்துவிடும். புரோட்டியசோம் கேள்வி கேட்காது, நறுக்கிடும்.

அந்த வைரஸ் உள்ளே நுழையாமல் தடுக்கத் தடுப்பூசி இருக்கிறது. தொற்று வருவதற்கு முன்னால் போட்டால்தான் முழுப் பலன். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.