தட்டைப்பாதமும் வீணச்சமும்

ஓட்டப்போட்டிக்குப் பெயர் கொடாது ஒதுங்கி நின்றான் ஏழு வயது மாணவனொருவன். காரணம் வினவினேன். “என்ரை கால் தட்டை, ஐயா, ஓடக்கூடாதாம்” என்றான்.

ஈரக்காலாற் பதியும் சுவடு, நடுவே ஒடுங்காது முழுவதும் படிந்திருப்பின், அதனைத் தட்டைப்பாதம் என்பர். கைக்குழந்தைகளின் பாதம் தட்டையாயிருத்தல் இயல்பே. உள்ளங்காற் கொழுப்பு வளைவை மறைக்கும், மூட்டுநார்களும் நெகிழ்ந்திருக்கும். ஏறத்தாழப் பத்து வயதுவரை வளைவு சிறிது சிறிதாக எழும். எழாதிருந்தும் நோவின்றி வாழ்வோர் பலர்.

சோதனை எளிது. பிள்ளையை நுனிக்காலில் நிற்கச் செய்க. வளைவு தோன்றி, நோவும் இல்லையாயின், சிகிச்சை வேண்டா. விசேட சப்பாத்துக்களாற் பயனுண்டோ எனின், அவற்றை மூன்றாண்டு அணிந்த பிள்ளைகளும் அணியாத பிள்ளைகளும் ஒரே வகையாகவே தேறினர் என 1989 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது.

ஆயின், வளைவு தோன்றாது பாதம் விறைத்திருப்பினும், நோவிருப்பினும், ஒருகால் மட்டும் வேறுபடினும் தாமதியாது வைத்தியரிடம் காட்டுக. பாத எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டியிருத்தலும் கூடும்.

அச்சிறுவனை நுனிக்காலில் நிறுத்தினேன். வளைவு வில்லென எழுந்தது. நோவும் இல்லை என்றான். பெற்றார் அழைத்துச் சென்ற வைத்தியரும் அஞ்சற்க என்றார். மறுவாரம் அவன் ஓடினான். வென்றானல்லன், ஆயினும் ஒதுங்கி நிற்கவில்லை.