கேஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடாதீர்கள்

கேரள எல்லையோரத்தில் வடகரப்பதி, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் போதை என்றதும் கள்ளும் சாராயமும்தான் நினைவுக்கு வரும். அவற்றை வாசனை காட்டிக் கொடுத்துவிடும். டிரமடால், டபென்டடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு வாசனை கிடையாது. முதுகு வலிக்காகத் தொடங்குபவர்கள் உண்டு. தூங்கவிடாத மனபாரத்துக்காகத் தொடங்குபவர்களும் உண்டு. உடம்பு பழகிய பின் நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், கைகால் குடைச்சல், வயிற்றுப்போக்கு என்று வாட்டி எடுக்கும். அந்த வேதனைக்குப் பயந்தே மறுபடி விழுங்குகிறார்கள். இதைத் திமிர் என்று திட்டுவது அநியாயம்.

"ஆம்பளைக்கு என்ன அழுகை" என்று வளர்த்த பிள்ளை அந்த மனபாரத்தை யாரிடம் போய்ச் சொல்லும்? 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் ஏறத்தாழ 72 சதவீதம் ஆண்கள்.

பிள்ளை மாத்திரைக்கு அடிமையானது தெரிந்தும் வீட்டார் வாய் திறக்காததற்குப் பெரிய காரணம் போலீஸ் பயம். ஆனால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்றொரு பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய, போதைக்கு அடிமையானவர், அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் தண்டனை நடவடிக்கையிலிருந்து விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு ரத்தாகலாம்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், போதையால் வரும் மனநலச் சிக்கலையும் நோயாகவே ஏற்கிறது. அரசு சிகிச்சை கேட்பது உரிமை. விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. திருத்துகிறோம் என்று சங்கிலியில் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. அடித்தாலும் கட்டினாலும் 15100-இல் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வலி மாத்திரைகளைச் சில வாரம் நிறுத்தியிருந்தவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். கூடவே மதுவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் அதிகம். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, உதடு நீலம் பாரித்து, எழுப்பினால் எழாமல் கிடந்தால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். என்ன மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாத்திரையின் விளைவை முறிக்க நலாக்சோன் இருக்கிறது. நீண்டகால சிகிச்சைக்கு பியுப்ரனார்பின் போன்ற மருந்துகளும் உண்டு.

போதை மீட்புக்கு 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை. 14416-இல் தமிழிலேயே பேசலாம். அண்ணனோ தம்பியோ மகனோ, பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பை நீங்களே போட்டுக் கொடுங்கள்.