அறுநூறு கிலோவுக்குள் ஒரு விமானம்

அமெரிக்காவில் கார் ஓட்டும் உரிமம் வைத்திருப்பவர் குறைந்தது 20 மணி நேரம் பறந்து பழகித் தேர்வில் தேறினால், சின்ன விமானம் ஒன்றை ஓட்டலாம். பெரும்பாலானவர்களுக்கு விமானிகளுக்கான தனி மருத்துவச் சான்றிதழ்கூடத் தேவையில்லை. கார் உரிமமே போதும். அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. 2004 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. இப்படி ஓட்டக்கூடிய விமானங்களை 'லைட் ஸ்போர்ட்' விமானம் என்கிறார்கள்.

அதற்கு 2004-இல் வகுத்த வரம்புகள் கறாராக இருந்தன. இரண்டு இருக்கைகளுக்கு மேல் கூடாது. பிஸ்டன் எஞ்சின் ஒன்றுதான். தரையில் இறங்கும் விமானத்துக்கு மடக்க முடியாத சக்கரங்கள். மட்டமாகப் பறக்கும்போது 120 நாட், அதாவது மணிக்குச் சுமார் 222 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. கிளம்பும்போது ஆட்கள், பெட்ரோல், பெட்டி எல்லாம் சேர்ந்து 600 கிலோவுக்குள் இருக்க வேண்டியிருந்தது. தண்ணீரில் இறங்கும் வகைக்கு 650. இரண்டாம் உலகப் போருக்கு முன் வந்த மஞ்சள் நிற 'பைப்பர் கப்' தற்செயலாக இந்த வரம்புக்குள் பொருந்திவிட்டதால், வயதான விமானிகள் பலர் அதையே தேடி வாங்கினார்கள்.

புது மாதிரிகளும் மளமளவென்று வந்தன. பெரிய விமானங்களைப் போல ஒவ்வொரு மாதிரிக்கும் அரசிடம் ஆண்டுக்கணக்கில் சான்று வாங்க வேண்டியதில்லை. ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின்கீழ் துறையினரே கூடி வகுத்த தரங்களுக்கு ஏற்பச் செய்திருக்கிறோம் என்று உற்பத்தியாளர் உறுதிமொழி தந்தால் போதும். 2005-இல் செக் நாட்டு 'எவெக்டர் ஸ்போர்ட்ஸ்டார்' முதலாவதாக அனுமதி பெற்றது. சில ஆண்டுகளிலேயே பட்டியல் நூறைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி ஐரோப்பியச் சரக்கு. 2015-இல் நம் விமானப்படை, கடற்படை, என்.சி.சி. ஆகியவற்றுக்காக 194 'வைரஸ்' விமானங்களை விற்க ஒப்பந்தம் போட்ட ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரல் நிறுவனமும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

நூறு மாதிரிகளில் எதை வாங்குவது? விற்பனையாளர் முதலில் காட்டுவது பளபளக்கும் திரைகளை. நான் முதலில் பார்க்கச் சொல்வது விமானம் எவ்வளவு மெதுவாகப் பறக்க முடியும் என்பதை.

ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையைத் தட்டையாக நீட்டி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தினால் கை மேலே எழும்பும். இன்னும் உயர்த்திக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எழும்பும் விசை போய், கை பின்னால் தள்ளப்படும். இறக்கைக்கும் இதே கதைதான். வேகம் குறையக் குறைய விமானி மூக்கை உயர்த்துகிறார். காற்று இறக்கையைச் சந்திக்கும் கோணம் சுமார் 15 பாகையைத் தாண்டும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகுகிறது. தாங்கும் விசை சட்டென்று சரிகிறது. விமானிகள் இதை 'ஸ்டால்' என்பார்கள். எஞ்சின் நின்றுபோவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இரு இறக்கைகளில் ஒன்று முந்திக்கொண்டு ஸ்டால் ஆனால், விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து சுழன்றபடி விழத் தொடங்கும். உயரே என்றால் மீட்டுவிடலாம். ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும் கடைசித் திருப்பத்தில், சில நூறு அடி உயரத்தில் நேர்ந்தால் மீட்க இடமில்லை. சிறு விமான விபத்துகளில் இந்தக் கடைசித் திருப்பத்துக்கு ஒரு கெட்ட பெயரே உண்டு.

லைட் ஸ்போர்ட் விமானத்தின் ஸ்டால் வேகம் 45 நாட்டைத் தாண்டக் கூடாது என்றது 2004 விதி. மணிக்கு 83 கிலோமீட்டர். எல்லா வரம்புகளிலும் உயிர் காப்பது இதுதான் என்பது என் எண்ணம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும். எஞ்சின் நின்று வயலில் இறங்க நேர்ந்தால், 60 நாட்டில் தரையைத் தொடும் விமானத்தின் ஆற்றலில் பாதிக்குச் சற்று மேல்தான் 45 நாட்டில் தொடும் அதே எடை விமானத்துக்கு இருக்கும். எலும்பு முறிவுக்கும் உயிரிழப்புக்கும் இடையே அந்த வித்தியாசம் நிற்கலாம். 2025 ஜூலையில் அறிவிக்கப்பட்ட 'மொசைக்' என்ற புதிய விதித் தொகுப்பு எடை வரம்பையே எடுத்துவிட்டு, ஸ்டால் வேகத்தைத்தான் முக்கிய அளவுகோலாக வைத்திருக்கிறது. ஆனால் சந்தையில் இப்போது கைமாறிக்கொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பழைய விமானங்கள் 600 கிலோவுக்கென்றே கட்டப்பட்டவை. விதி மாறியதால் அவற்றின் இறக்கை வலுத்துவிடாது.

அடுத்துப் பார்க்க வேண்டியது கிலோக் கணக்கு. இதற்கு செஸ்னா நிறுவனத்தின் 'ஸ்கைகேட்சர்' நல்ல பாடம். உலகெங்கும் பயிற்சி விமானத்துக்குப் பெயர்போன செஸ்னா, 2007-இல் இதை ஆரவாரமாக அறிவித்தது. காலியாக நின்றால் சுமார் 376 கிலோ. மிச்சம் 224 கிலோ. இரண்டு தொட்டிகளையும் நிரப்பினால் பெட்ரோல் மட்டும் 65 கிலோ. மீதி 159. ஆளுக்கு 75 கிலோ என்று இருவர் ஏறினால் ஒன்பது கிலோவில் ஒரு பை வைக்கலாம். இப்போது பதினைந்து கிலோவில், முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் ஒரு பாராசூட்டைச் சேர்த்துப் பாருங்கள், கணக்கு உதைக்கும். ஒன்று பெட்ரோலைக் குறைக்க வேண்டும், அல்லது ஒல்லியான நண்பரைத் தேட வேண்டும். இந்த வகை விமானத்தில் பாதுகாப்புக் கருவி ஒவ்வொன்றுக்கும் டாலரில் ஒரு விலை, கிலோவில் ஒரு விலை. இரண்டாவதைத்தான் பலர் கேட்க மறக்கிறார்கள். விளம்பரத் தாளில் உள்ள காலி எடையை நம்பவும் கூடாது. தோல் இருக்கை, இரண்டாவது திரை, தானியங்கி விமானி என்று ஒவ்வொன்றும் ஏறியபின் தராசில் நிறுத்திய அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

அதே ஸ்கைகேட்சரின் சோதனைக் காலம் பாராசூட்டைப் பற்றியும் நிறையச் சொல்கிறது. 2008 செப்டம்பரில் வேண்டுமென்றே சுழல விட்டுச் சோதித்தபோது விமானம் மீளவில்லை. விமானத்தின் பாராசூட்டும் வேலை செய்யவில்லை. சோதனை விமானி தன் உடலில் கட்டியிருந்த பாராசூட்டோடு வெளியே குதித்துத் தப்பினார். வால் பகுதியை மாற்றியமைத்து 2009 மார்ச்சில் மறுபடி சோதித்தார்கள். மறுபடியும் கட்டுக்கடங்காத சுழற்சி. இந்த முறை பாராசூட் விரிந்தது. விமானி காயமின்றித் தரையிறங்கினார். அதன்பின் காற்று அந்தப் பாராசூட்டைப் பிடித்து, விமானத்தை நிலத்தில் தரதரவென்று இழுத்துப் போய் வேலியில் கவிழ்த்தது. வடிவமைப்பைத் திருத்திய பிறகே விற்பனை தொடங்கியது. இருநூறுக்கும் குறைவாகவே விற்றன. 2013-இல் செஸ்னா கைகழுவிவிட்டது. எடைக் கணக்கும் அதற்கு ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றவர்கள் இலகுவான எஞ்சின் வைத்தபோது, இவர்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் பழகிய கனமான கான்டினென்டல் எஞ்சினையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் எப்படி வந்தது? மினசோட்டா மாநிலத்தின் போரிஸ் போபோவ் 1975-இல் ஹேங் கிளைடரில் பறந்தபோது அது உருக்குலைந்து, அவர் பல நூறு அடி உயரத்திலிருந்து ஏரியில் விழுந்தார். பிழைத்தார். விழும்போது தனக்கு ஒன்றுமே செய்ய வழியில்லாமல் போன கோபத்தில் 1980-இல் பி.ஆர்.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார்.

கருவியைக் கிட்டத்தில் பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கும். இரு இருக்கைகளுக்கு நடுவிலோ தலைக்கு மேலோ ஒரு சிவப்புக் கைப்பிடி. அதில் ஓர் ஊசி, ஊசியில் சிவப்பு நாடா. பறக்கும் முன் ஊசியை உருவ வேண்டும், இறங்கியதும் திரும்பச் செருக வேண்டும். ஆபத்தில் கைப்பிடியை முழு பலத்தோடு இழுத்தால் கம்பி வழியே விசை போய்த் திட எரிபொருள் ராக்கெட் ஒன்று பற்றிக்கொள்கிறது. அது விமான உடலின் மெல்லிய மூடியை உடைத்துக்கொண்டு பாய்ந்து, மடித்து வைத்த துணியை வெளியே உருவுகிறது. கயிறுகள் விறைத்தபின் துணி விரிகிறது. ஒரேயடியாக விரிந்தால் கயிறே அறுந்துவிடும் என்பதால், கயிறுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஒரு வளையம் மெல்லக் கீழிறங்கி, விரிவதைத் தாமதப்படுத்தும். சில விநாடிகளில் விமானம் தொட்டில்போல் தொங்கி இறங்கும். இறங்குவது மெத்தையில் அல்ல. விநாடிக்கு ஆறேழு மீட்டர் வேகத்தில். சக்கரங்களும் இருக்கையும் நசுங்கி அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஜெர்மனியில் இலகு வகை விமானங்களுக்கு இது கட்டாயம். ஜெர்மன் நிறுவனமான ஃப்ளைட் டிசைன் செய்யும் 'சி.டி.எல்.எஸ்.' விமானம் அமெரிக்காவிலும் பாராசூட்டோடே விற்றது. பாராசூட்டுக்குப் பராமரிப்புச் செலவும் உண்டு. பல மாதிரிகளில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை துணியைப் பிரித்து மடிக்க வேண்டும், பன்னிரண்டு ஆண்டில் ராக்கெட்டை மாற்ற வேண்டும். பழைய விமானம் வாங்குபவர் இந்தத் தேதிகளைப் பார்த்துப் பேரம் பேசலாம். வெடிக்காத ராக்கெட்டோடு விழுந்து கிடக்கும் விமானம் மீட்புப் படையினருக்கு ஆபத்து என்பதால், வெளியே எச்சரிக்கை ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கருவி இருந்தும் இழுக்காமல் இறந்தவர்கள் உண்டு. இதைவிடப் பெரிய வகையான 'சிரஸ்' விமானங்களில் பாராசூட் ஆரம்பத்திலிருந்தே உண்டு. ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் பலர் கைப்பிடியைத் தொடாமலே மாண்டார்கள். கடைசி நொடிவரை ஓட்டிக் காப்பாற்றிவிடலாம் என்று விமானிக்குத் தோன்றுவது இயல்பு. சிரஸ் உரிமையாளர் சங்கம் 'சீக்கிரம் இழு, தயங்காதே' என்று பயிற்சியிலேயே பதியவைத்த பிறகுதான் நிலைமை வெகுவாக மாறியது.

இன்னொரு பக்கமும் உண்டு. கலிஃபோர்னியாவின் 'ஐகான் ஏ5', தண்ணீரிலும் தரையிலும் இறங்கும் இரட்டை இருக்கை விமானம். பாதுகாப்பில் இதற்கு மிஞ்சியது அந்த வகையில் இல்லை என்றே சொல்லலாம். சுழற்சியில் சிக்காதபடி வடிவமைத்த இறக்கை, ஸ்டாலுக்கு எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறோம் என்று ஓட்டுபவர் கண்ணெதிரே காட்டும் கோண முள், இவற்றோடு பாராசூட்டும் உண்டு. இத்தனைக்கும் எடை கூடியதால், எஃப்.ஏ.ஏ.விடம் தனி விலக்கு வாங்கி 650 கிலோவைத் தாண்டினார்கள். 2017 மே மாதம், அதன் வடிவமைப்பில் முக்கியப் பங்காற்றிய பொறியாளரே பெர்ரியெஸா ஏரியின் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக நுழைந்து, வெளியேற வழியின்றிக் குன்றில் மோதினார்; அவரும் உடன் பறந்தவரும் இறந்தனர். அதே ஆண்டு நவம்பரில் புகழ்பெற்ற பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே ஃப்ளோரிடா கடலோரம் தன் ஏ5-இல் தனியே பறந்து இறந்தார். நீர்ப்பரப்பை ஒட்டிச் செய்த கடுமையான திருப்பங்களை விசாரணை அறிக்கை காரணங்களில் முதன்மையாகக் குறித்தது. தண்ணீருக்கு முப்பதடி மேலே பாராசூட் விரிய உயரம் ஏது?

எஞ்சின் விஷயத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 இந்த உலகின் பொதுமொழி ஆகிவிட்டது. 80 அல்லது 100 குதிரைத்திறன், இரட்டைத் தீப்பொறி அமைப்பு, கார் பெட்ரோலிலும் ஓடும். நாளின் முதல் பறப்புக்கு முன் விமானி புரொப்பல்லரைக் கையால் மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார்; எண்ணெய்த் தொட்டியிலிருந்து 'களக்' என்று ஏப்பம் போல ஒரு சத்தம் வரும். அப்போதுதான் எண்ணெய் முழுக்கத் தொட்டிக்குத் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம், அளவுக் குச்சியை நம்பலாம். இந்தச் சின்னச் சடங்கைச் சலிக்காமல் செய்யும் உரிமையாளரிடம் பழைய விமானம் வாங்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின்களுக்கு 2014 டிசம்பரில் அந்நாட்டு அரசே பறத்தல் கட்டுப்பாடுகள் விதித்தது. பின்னால் பெரும்பாலும் தளர்த்தினாலும், அந்த எஞ்சின் உள்ள விமானத்தை வாங்கும்முன் பழுது வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

கடைசியாக, செய்தவர் இன்னும் கடை திறந்திருக்கிறாரா? அமெரிக்க விதிப்படி, தொழிற்சாலையில் முழுதாய் முடித்து விற்ற லைட் ஸ்போர்ட் விமானத்தில், செய்தவரின் எழுத்து அனுமதி இல்லாமல் எதையும் மாற்றவோ சேர்க்கவோ முடியாது. பிறகு பாராசூட் வைத்துக்கொள்ளலாம் என்று வாங்கினால், அனுமதி தர ஆளில்லாமல் போகலாம். ஐகான் நிறுவனமே 2024-இல் திவால் மனு போட்டது. குறைகளைத் திருத்தும் பொறுப்பும் செய்தவரிடமே. 'ஸோடியாக் 601 எக்ஸ்.எல்.' விமானங்கள் நடுவானில் முறிந்து விழத் தொடங்கியபோது, 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் அவற்றைத் தரையிலேயே நிறுத்தச் சொன்னது. பிறகு இறக்கையை வலுப்படுத்தும் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் செய்யாத ஒன்று மலிவாகக் கிடைத்தால் விட்டுவிடுங்கள்.

பாராசூட் உள்ளதா இல்லாததா என்று என்னைக் கேட்டால், உள்ளதையே வாங்கச் சொல்வேன். அதற்காகத் திரைகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம், பெட்டியை வீட்டில் விட்டுவரலாம். கையெழுத்துப் போடும் முன் ஓர் ஆசிரியரோடு அதே விமானத்தில் நல்ல உயரத்துக்குப் போய், நாலைந்து முறை ஸ்டால் செய்து பாருங்கள். ஒரு பக்கமாகச் சட்டென்று சாய்ந்தால் வேறு விமானம் தேடுங்கள்.