பெர்ல் மொழியில் சி நிரலின் தாமதத் தொகுப்பு

பெர்ல் ஸ்கிரிப்ட் மொழியில் எழுதப்பட்ட நிரலுக்குள் சி மொழிச் செயற்கூறுகளையும் சேர்த்து எழுத உதவும் நிரற்கூறு இன்லைன் ஆகும். இதனை உருவாக்கியவர் பிரயன் இங்கர்சன். சி நிரலைப் பெர்லுடன் இணைப்பதற்கான பழைய வழியான எக்ஸ்எஸ் கற்பதற்குக் கடினமானது. இன்லைன் அந்த வேலையைத் தானே செய்துகொள்கிறது.

செயல்படும் முறை

நிரல் முதன்முறை இயங்கும்போது இன்லைன் சி செயற்கூறுகளின் தலைப்புகளைப் படித்து, அவற்றுக்குரிய எக்ஸ்எஸ் நிரலை எழுதி, கணினியிலுள்ள சி கம்பைலரைக் கொண்டு தொகுக்கிறது. கிடைக்கும் நூலகக் கோப்பை ஒரு கோப்புறையில் சேமித்து வைக்கிறது. மூல நிரலின் எம்டி5 கைரேகையும் அதனுடன் பதிவாகிறது. அடுத்த முறை கைரேகை மாறாதிருந்தால், மீண்டும் தொகுக்காமல் சேமித்த கோப்பே ஏற்றப்படும். எனவே முதல் ஓட்டத்தில் மட்டுமே காத்திருக்க வேண்டும்.

தொகுப்பு எப்போது நிகழ்கிறது?

பெர்ல் ஒரு நிரலை முதலில் முழுவதும் படித்து உள்வடிவமாக்கி, அதன்பின் இயக்குகிறது. ஆனால் 'யூஸ்' என்ற கட்டளை, படிக்கும்போதே உடனடியாக நிறைவேறும். சி நிரலை ஒரு மாறியில் வைத்து, அம்மாறியை 'யூஸ்' கட்டளைக்குக் கொடுப்பவர்கள் இதனால் தடுமாறுவதுண்டு. அக்கட்டளை நிறைவேறும் வேளையில் மாறிக்கு மதிப்பே வந்திருக்காது.

சி நிரலைக் கோப்பின் இறுதியிலுள்ள தரவுப் பகுதியில் எழுதினாலும் இதே சிக்கல் உண்டு. அப்பகுதியைப் பெர்ல் இன்னும் எட்டியிருக்காது. ஆகவே இன்லைன் தொகுப்பைத் தள்ளிவைத்து, படித்தல் முடிந்து இயக்கம் தொடங்குவதற்கு முன் வரும் 'இனிட்' கட்டத்தில் செய்கிறது. ஒரு நிரற்கூறு இயக்க நேரத்தில் 'ரிக்வயர்' மூலம் ஏற்றப்பட்டால் அந்தக் கட்டம் கடந்துபோயிருக்கும். அப்போது இன்லைனின் 'இனிட்' செயற்கூற்றை நிரலாளரே அழைக்க வேண்டும்.

இயக்க நேரத்தில் பிணைத்தல்

தொகுப்பை இன்னும் தாமதப்படுத்த 'பைண்ட்' என்ற செயற்கூறு உள்ளது. இது சாதாரணக் கட்டளை போலவே, நிரலின் ஓட்டம் அதனை அடையும்போதுதான் நிறைவேறும். இதன் பயன்கள் மூன்று:

* பயனர் தரும் அளவுகளுக்கு ஏற்ப, சி நிரலை அப்போதே உருவாக்கித் தொகுக்கலாம்.
* தேவைப்படாத செயற்கூறுகளைத் தொகுக்காமல் விடலாம்.
* சி கம்பைலர் இல்லாத கணினியில் பிழையை 'இவால்' கொண்டு பிடித்து, அதே வேலையைச் செய்யும் பெர்ல் செயற்கூற்றுக்கு மாறலாம். வேகம் குறைந்தாலும் நிரல் நின்றுவிடாது.

கவனிக்க வேண்டியவை

தாமதமாகப் பிணைக்கப்படும் செயற்கூறுகளின் பெயர்கள் படிக்கும் கட்டத்தில் பெர்லுக்குத் தெரியா. ஆகவே அவற்றை அடைப்புக்குறியுடன் அழைப்பது அவசியம். சி நிரலில் பிழை இருந்தால் அதுவும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் வெளிப்படும். சேமிப்புக் கோப்புறையில் எழுதும் உரிமை இல்லாத வழங்கிகளில் தொகுப்பு தோல்வியுறும். பயனர் தந்த உரையைச் சரிபார்க்காமல் சி நிரலில் சேர்ப்பது, அந்நிரலின் முழு அதிகாரத்தையும் அவரிடம் ஒப்படைப்பதற்கு ஒப்பாகும்.

மாறாத நிரலுக்கு முன்கூட்டிய தொகுப்பே பாதுகாப்பானது. நிரலின் வடிவம் இயக்கத்தின்போதுதான் தெரியவரும் இடங்களிலும், கம்பைலர் இருப்பது உறுதியற்ற இடங்களிலும் தாமதத் தொகுப்பு பொருத்தமானது.