‘மூணு வட்டி’ என்றால் எத்தனை சதவீதம்?

எட்டாம் வகுப்புக்கு ‘வாழ்வியல் கணிதம்’ இயலைத் தொடங்கும் முன், வீட்டில் புழங்கும் பணச் சொற்களை எழுதிவரச் சொல்வது என் வழக்கம். எங்கள் பள்ளி அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகில் உள்ளது. பெற்றோரில் பலர் பட்டறைகளிலும் ஆயத்த ஆடை நிறுவனங்களிலும் வேலை செய்கிறார்கள். தண்டல், மூணு வட்டி, ஏலச்சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு, குழுக்கடன், இஎம்ஐ எனக் கரும்பலகை நிறைந்துவிடும். அசல், தனிவட்டி, கூட்டு வட்டி ஆகிய பாடநூல் சொற்களை ஒருவரும் எழுதிவருவதில்லை.

இந்த இரண்டு வகைச் சொற்களையும் இணைத்துக் காட்டுவதே நம் வேலை என்று நினைக்கிறேன். “மூணு வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினால் ஓராண்டுக்கு வட்டி எவ்வளவு?” என்று கேட்டுப் பாருங்கள். வட்டி வீதம் 3 என்று சூத்திரத்தில் பொருத்தி, 600 ரூபாய் என்பார்கள். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் பேச்சுவழக்கில் மூணு வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். அந்த 600 ரூபாய் மாதாமாதம் கட்ட வேண்டியது. ஆண்டுக்கு 7,200 ரூபாய், அதாவது 36 சதவீதம். வங்கிக்காரர் ஆண்டுக் கணக்கில் “பன்னிரண்டு” என்கிறார், தெருவில் “மூணு” என்கிறார்கள். எண்ணை மட்டும் கேட்பவருக்குத் தெருக்கடனே மலிவாகத் தெரியும்.

தண்டல் இன்னும் சுவையான கணக்கு. 10,000 ரூபாய்க் கடனில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “பதினைந்து சதவீதம்தானே சார்” என்பார்கள் பிள்ளைகள். கையில் வந்தது 8,500தான். அதுவும் முழுதாக 100 நாள் கையில் இருப்பதில்லை, நாள்தோறும் கரைகிறது. சராசரியாகப் பார்த்தால் அதில் பாதியளவுதான் கடனாக நிற்கிறது. அந்தப் பாதிக்குத்தான் மூன்றே மாதச் சொச்சத்தில் 1,500 ரூபாய் வட்டி. ஆண்டுக்கு மாற்றினால் 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகிய சொற்களெல்லாம் தமிழ்நாடு அரசு 2003-இல் இயற்றிய அதிக வட்டித் தடைச் சட்டத்திலேயே இடம்பெற்றுள்ளன. பிள்ளைகள் கொண்டுவரும் தெருச்சொல் சட்டநூலில் ஏறியிருக்கிறது என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

கரையும் அசல் என்ற கருத்து புரிந்துவிட்டால் இஎம்ஐயும் புரியும். 50,000 ரூபாய், ‘ஃப்ளாட்’ வட்டி 12 சதவீதம், ஓராண்டு. வட்டி 6,000; மாதத் தவணை 4,667 ரூபாய். அசல் மாதாமாதம் குறைந்தாலும் வட்டி மட்டும் முழு 50,000-க்கே போடப்படுகிறது. குறையும் நிலுவை முறையில் கணக்கிட்டால் உண்மையான வீதம் 21 சதவீதத்துக்கும் மேல். இந்த ஒரு சொல்லுக்காகவே பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கலாம். 2024 அக்டோபர் 1 முதல், சில்லறைக் கடன் தரும் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் ‘முக்கிய விவர அறிக்கை’ தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வீதம் அதில் இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும்.

கடனில் மாத வட்டியை ஆண்டு வட்டியாக நினைப்பது ஒரு இடர். முதலீட்டிலோ மாத வட்டி என்று கேட்டதும் பெருக்கிப் பார்க்கவே மறந்துவிடுகிறோம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் அமைந்தகரையில் தலைமையகம் வைத்திருந்த ஆருத்ரா கோல்டு நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் தருவதாகச் சொன்னது. 2022 மே மாதம் பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிந்தது. சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டப்பட்டதாகக் காவல்துறை தெரிவித்தது. படித்தவர்களும் பணம் போட்டிருந்தார்கள். மாதம் 25 என்றால் ஆண்டுக்கு 300. நான்கே மாதத்தில் போட்ட பணம் முழுதும் வட்டியாகவே திரும்பிவிட வேண்டும். எந்தத் தொழிலில் இது நடக்கும் என்று எட்டாம் வகுப்பு மாணவியே கேட்பாள்.

வட்டிக்கும் ஈவுத்தொகைக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடன் வாங்கியவர் தர ஒப்புக்கொண்டது வட்டி. ஈவுத்தொகை, லாபம் வந்தால், அதுவும் நிறுவனம் அறிவித்தால் மட்டும் பங்குதாரருக்குக் கிடைப்பது. ஆகவே ‘பங்குச் சந்தையில் போட்டு மாதாமாதம் உறுதியான லாபம்’ என்ற விளம்பரம் தன்னைத்தானே மறுக்கிறது. வங்கி வைப்புத்தொகைக்குக் காப்பீடு உண்டு: வட்டியும் சேர்த்து, ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை. சீட்டுக்கும் பங்குக்கும் அது கிடையாது.

தேர்வுக்கு முன் ஒரு வினாவை மட்டும் மாற்றி எழுதிப் பாருங்கள். ‘வட்டி வீதம் 3%’ என்பதற்குப் பதில் ‘மூணு வட்டிக்கு’ என்று போடுங்கள். எத்தனை விடைத்தாள்களில் 36 வருகிறது என்று எண்ணுங்கள்.