எடுக்கும் நீரும் விடும் நீரும்

ஊத்துக்குளி என்னும் பெயரை ‘ஊற்றுக்குழி’ என்று விரித்துச் சொல்வர். வெண்ணெய்க்குப் பெயர்பெற்ற ஊர். கிணற்றுப் பாசனமும் கால்நடையும் இல்லாமல் வெண்ணெய் இல்லை. அவ்வூருக்குத் தெற்கே நொய்யல் ஓடுகிறது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் கோவையையும் திருப்பூரையும் கடந்து வரும் அவ்வாற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் கட்டப்பட்ட அணை 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. மழைநீரைத் தேக்கக் கட்டிய அணையில் சில ஆண்டுகளிலேயே தேங்கி நின்றது திருப்பூரின் சாயநீர். பாசனத்துக்கென எழுப்பிய அணையைத் திறக்காதீர் என்று கரூர் மாவட்ட உழவர்களே மன்றாடும் நிலை வந்தது. உலக நாடுகளின் நீர் ஒத்துழைப்பைப் பற்றிப் பேச இவ்வணைக்கட்டை விடத் தக்க இடம் அரிது எனலாம்.

1977-இல் அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டா நகரில் ஐக்கிய நாடுகள் சபை நடத்திய நீர் மாநாடும், அதன் விளைவாக 1981 முதல் 1990 வரை கடைப்பிடிக்கப்பட்ட பன்னாட்டுக் குடிநீர், துப்புரவுப் பத்தாண்டும் ஏழை நாடுகளுக்கு நீர் வழங்குவதை உலகின் கூட்டுக் கடமையாக அறிவித்தன. 1992-இல் டப்ளின் மாநாடு நீரைப் பொருளாதார மதிப்புடைய பண்டம் எனக் கூறியதோடு காற்றுத் திசை மாறியது. நன்கொடைக்குப் பதில் முதலீடும், அரசுக்குப் பதில் கூட்டு நிறுவனமும் முன்வைக்கப்பட்டன. அக்கருத்து இந்தியாவில் முதன்முதலில் பெரிய அளவில் சோதிக்கப்பட்ட இடம் திருப்பூர்.

தொண்ணூறுகளில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் சுற்றுக் கிராமங்களின் கிணற்று நீரை லாரிகளில் வாங்கிக்கொண்டிருந்தன. உழவர் சிலர் பயிரை விட்டு நீரை விற்றனர். நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. இதற்கு மாற்றாகத் தமிழக அரசு, ஐ.எல்.எஃப்.எஸ். நிதி நிறுவனம், திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கம் ஆகியவை இணைந்து புதிய திருப்பூர் பகுதி வளர்ச்சிக் கழகத்தை நிறுவின. அமெரிக்க அரசின் பன்னாட்டு வளர்ச்சி முகமையான யு.எஸ்.எய்ட் கடனுறுதி அளித்தது. கட்டுமானத்துக்கும் இயக்கத்துக்கும் மகிந்திரா குழுமம், பிரித்தானியாவின் யுனைடெட் யுடிலிட்டீஸ், அமெரிக்காவின் பெக்டெல் ஆகியவற்றைச் சார்ந்த கூட்டமைப்பு முன்வந்தது. 2000-ஆம் ஆண்டு 30 ஆண்டுக்கால உரிமை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பவானியும் காவிரியும் கூடும் பகுதியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவுக்குக் குழாய் பதித்து, நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீர் கொணர்வது திட்டம். மதிப்பீடு ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய். 2005-06-இல் நீர் வந்து சேர்ந்தது.

ஆயிரம் லிட்டருக்குத் தொழிற்சாலைகளிடம் 45 ரூபாய்; நகராட்சியிடம் 5 ரூபாய்; வழியோரக் கிராமங்களிடம் 3 ரூபாய் 50 காசு என்பது தொடக்கக் கட்டணம். நீரை விற்பதா என்று அன்று எழுந்த கண்டனத்தை நம் வாசகரில் பலரும் எதிரொலித்திருப்பர். நீர், புல், நெருப்பு மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்னும் கருத்தமைந்த நபிமொழி அபூதாவூதில் உண்டு. தேவைக்கு மிஞ்சிய நீரை விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்ததாக முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எனினும் ஃபகீஹ்கள் ஒரு வேறுபாட்டைக் கண்டனர்: ஊற்றிலும் ஆற்றிலும் உள்ள நீர் பொதுவுடைமை; கலத்தில் முகந்து சுமந்து வந்த நீருக்கு, சுமந்தவர் விலை பெறலாம். குழாயும் ஒருவகைக் கலமே. வசதியுள்ளவரின் 45 ரூபாய் கிராமத்தின் 3 ரூபாய் 50 காசைத் தாங்கும் ஏற்பாட்டை, ரூமா கிணற்றை விலைக்கு வாங்கிப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களின் ஈகையோடு ஒப்பிட முடியாதுதான். அதற்காக அநீதி என்று தள்ளிவிடவும் முடியாது. இத்திட்டத்தின் குறை விலையில் இல்லை என்பதே என் கருத்து.

குறை இருந்தது மறுமுனையில். நகரப் புதைசாக்கடை திட்டத்தில் இடம்பெற்றது. சாயக்கழிவு அதன் எல்லைக்கு வெளியே, பட்டறையாளர்களின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களிடம் விடப்பட்டது. தொண்ணூறுகளில் எழுந்த அந்நிலையங்கள் செய்ததையும் செய்யாததையும் விளக்க, நமது தஹாரத் பாடமே போதும். நீரின் நிலையை நிறம், மணம், சுவை ஆகிய மூன்று பண்புகளால் அறிகிறோம். அந்நிலையங்கள் சுண்ணாம்பும் பிற வேதிப்பொருள்களும் இட்டு நிறத்தை ஓரளவு நீக்கின, மணத்தையும் குறைத்தன. சுவையைத் தொடவே இல்லை. பருத்தியில் சாயம் பற்ற உப்பு வேண்டும். அடர்நிறமாயின் ஒரு கிலோ துணிக்கு அரைக் கிலோவுக்கும் மேல். கரைந்த உப்பு அப்படியே நொய்யலில் இறங்கியது.

இங்கே நம்மவர் இடறக்கூடும். உப்பு நீரால் வுளூ கூடும்; கடல்நீர் தூய்மையானது என்பதில் ஐயமில்லை. ஆகவே தஹாரத் பாடத்தோடு நின்றுவிட்டால், நிறம் நீங்கிய அந்நீரில் குறைகாண்பது கடினம். ஆனால் அவ்வுப்பு தென்னையைக் கருக்கியது, கிணற்றைக் கெடுத்தது, மாடு குடிக்க மறுத்தது. இவ்வழக்குக்குரிய பாடம் வேறு. தரிசு நிலத்தை உயிர்ப்பித்தல் பற்றிய ‘இஹ்யாவுல் மவாத்’ பகுதியிலும், பாசன உரிமை பற்றிய ‘ஷிர்ப்’ பகுதியிலும் அது இருக்கிறது. கிணற்றைச் சுற்றிப் பிறர் தோண்டவோ கெடுக்கவோ கூடாத காப்பெல்லைக்கு ‘ஹரீம்’ என்று பெயர். மதீனாவின் ஹர்ரா ஓடை நீர் குறித்து ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் அன்சாரி ஒருவருக்கும் எழுந்த வழக்கில், மேல்மடைக்காரர் முதலில் பாய்ச்சலாம், ஆனால் பின்னர் நீரைக் கீழே விட்டுவிட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கீழே விடப்படும் நீர் பயிருக்காகும் நீர் என்பதை அங்கே எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. தீங்கிழைத்தலும் இல்லை, தீங்குக்குத் தீங்கும் இல்லை என்னும் கோட்பாடு அதற்கும் மேலே நிற்கிறது. எடுக்கும் உரிமையையும் விடும் பொறுப்பையும் ஃபிக்ஹ் ஒரே ஏட்டில் வைத்தது. திருப்பூர் ஒப்பந்தம் இரண்டையும் தனித்தனி ஏடுகளில் எழுதியது.

அவற்றை மீண்டும் இணைத்தவர்கள் பன்னாட்டு வல்லுநர் அல்லர், கடைமடை உழவர்கள். நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விடலாகாது என்றும், அதுவரை விடப்படும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் தண்டம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. உச்ச நீதிமன்றம் 2009-இல் அதை உறுதிசெய்தது. அப்போதும் நடைமுறைக்கு வராமையால், 2011 ஜனவரி 28-இல் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வேலையிழந்தோர் துயரம் சிறிதன்று. வெளியூரிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்த கூலியாட்கள்தாம் முதலில் பட்டினி கண்டனர். தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. சவ்வின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்நீரைக் கொதிகலன்களில் வற்றவைத்து, பெரும்பகுதி நீரையும் உப்பையும் மீண்டும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறையில் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இதில் ஒரு முரண் உண்டு. நீரை மறுசுழற்சி செய்யும் பட்டறைக்குப் புதுநீர் சிறிதளவே போதும். தொழிற்சாலைகள் நிறைய வாங்கும் என்ற கணக்கில் கடன்பெற்ற குழாய்த் திட்டம், பட்டறைகள் நேர்மையாக நடக்கத் தொடங்கியதும் வருவாய் இழந்து தடுமாறியது. துணைநின்ற அமைப்புகளும் நிலைக்கவில்லை: ஐ.எல்.எஃப்.எஸ். 2018-இல் கடனைத் திருப்ப இயலாமல் வீழ்ந்தது, யு.எஸ்.எய்ட் 2025-இல் மூடப்பட்டது. குழாய் இருக்கிறது, நீரும் வருகிறது. நகரமும் கிராமங்களும் குடிக்கின்றன.

2010 ஜூலையில் குடிநீரையும் துப்புரவையும் மனித உரிமையாக ஏற்ற ஐ.நா. பொதுச்சபைத் தீர்மானத்துக்கு 122 நாடுகள் வாக்களித்தன. 41 நாடுகள் விலகி நின்றன. 2015-இல் வகுக்கப்பட்ட நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, குடிநீரோடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் மறுபயன்பாட்டையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. உலமாக்கள் இவ்வகையில் முன்னே நடந்தவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சஊதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் பேரவை, ஹிஜ்ரி 1398-இல் (1978), மூன்று பண்புகளும் இயல்புநிலைக்கு மீளுமாறு முழுமையாகச் சுத்திகரித்த கழிவுநீர் தூய்மையானது என்று முடிவு கூறியது. அதே முடிவில் உடல்நலக் கேட்டின் அச்சம் இருப்பின் பருகுவதைத் தவிர்க்கச் சொல்லி, தஹாரத்தையும் தீங்கையும் பிரித்தே பார்த்தது.

திருப்பூரில் இன்று எஞ்சியிருப்பது கலவை உப்பு. சாயத்தொட்டிக்குத் திரும்ப உதவாத அப்பொருள் சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில் மூட்டைகளாகக் குவிந்து கிடக்கிறது. வாங்குவார் இல்லை, மழையில் கரைந்தால் மறுபடியும் நொய்யல்தான், அங்கிருந்து ஒரத்துப்பாளையம்.